அத்தை மகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ்

எங்கள் வல்லத்திராக்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு முடியுமுன்பே இங்கிலீஷில் முழு வாக்கியம் பேசியவள் நான் ஒருத்திதான். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை, அன்றும் இருந்ததில்லை. புதுக்கோட்டையில் தங்கிப் படித்த அண்ணன் கழித்துப் போட்ட இலக்கணப் புத்தகம் ஒன்று என்னிடம் இருந்தது. அட்டையும் முன்பக்கங்களும் கரையானுக்குப் போய்விட்டதால் அது தொடங்கியதே 'ஹாவ்', 'ஹாஸ்' பாடத்தில்தான். பின்பக்கங்களை அண்ணனே கப்பல் செய்து விட்டிருந்தான். ஆகவே என் இங்கிலீஷில் எல்லாக் காரியமும் முடிந்துபோயிருக்கும். எதுவும் நடந்துகொண்டிருக்காது, இனி நடக்கப்போவதும் இல்லை.

முகம் கழுவிவிட்டு வந்தால் 'ஐ ஹாவ் வாஷ்டு மை ஃபேஸ்' என்பேன். கன்றைக் கட்டிவிட்டு வந்தால் அதற்கும் ஒன்று வைத்திருந்தேன். "இவளுக்கு வேப்பிலை அடிக்கணும்" என்று அம்மா அப்பாவிடம் முறையிடுவாள். மழை நின்றுவிட்டது என்பதும் புத்தகத்தில் இருந்தது. அதை மட்டும் சொல்ல வாய்ப்பே கிடைக்கவில்லை. நிற்பதற்கு முதலில் மழை பெய்ய வேண்டுமே.

உலகச் சண்டை நடந்த காலம் அது. சந்தையில் அரிசி இல்லை, கண்மாயில் தண்ணீர் இல்லை. எங்கள் வீட்டில் கிணறு இருந்தது, குதிரில் பழைய நெல் கிடந்தது. அதே ஊரில் வாக்கப்பட்டிருந்த அத்தைக்கு, அப்பாவின் தங்கைக்கு, வானம் பார்த்த பூமிதான். ஆனால் வீட்டுக்கு வந்தால் ஒரு வாய் சாப்பிட மாட்டாள். "சாப்பிட்டாச்சா?" என்று அம்மா கேட்டு முடிக்குமுன் "ஆச்சு, ஆச்சு" என்பாள். அத்தை மட்டுமல்ல, ஊரே அப்படித்தான். அடுப்பில் பூனை படுத்திருந்தாலும், கேட்டவர்களுக்கு 'ஆச்சு' என்று சொல்வதுதான் மானம். அத்தை மகள் என் வகுப்பில், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளும் ஆச்சு என்பாள், நானும் நம்பிக்கொள்வேன்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மத்தியானம் கஞ்சி ஊற்றும் ஏற்பாடு சில ஊர்களில் வந்திருந்தது. நம் ஊருக்கும் வேண்டும் என்று வாத்தியார் மனு எழுதினார். அதில் முதலில் கைநாட்டு வைத்தவள் அத்தை. வாய்விட்டுக் கேட்காதவள், வீடு வீடாகப் போய் மற்றவர்களையும் கூட்டி வந்தாள். பட்டணத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து பிள்ளைகளைப் பார்ப்பார், பார்த்து முடிவு செய்வார் என்று பதில் வந்தது.

வாத்தியாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "வாரவரு பெரிய மனுசரு. நம்மளைப் பரதேசிக் கூட்டம்னு நெனச்சிறக் கூடாது. எல்லாரும் எண்ணெ தேச்சுக் குளிச்சு, இருக்கிறதுல நல்லதைக் கட்டிக்கிட்டு வாங்க" என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு இங்கிலீஷ் வாக்கியம் பழக்கிவிடச் சொன்னார். எனக்கு வானம் கைக்கெட்டியது போல இருந்தது.

பத்து நாள் பழக்கினேன். அத்தை மகளுக்கென்று தனியாக, இருந்தவற்றிலேயே நல்ல வாக்கியத்தை எடுத்து வைத்தேன்: 'ஐ ஹாவ் டேக்கன் மை ஃபுட்.' அர்த்தம் கேட்டாள். நாம் 'சாப்பிட்டாச்சு' என்கிறோமே, அதுதான் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"சாப்பிடலைன்னாலும் இப்படித்தான் சொல்லணுமா மதினி?"

"ஆமா. இங்கிலீஷ்ல இப்படித்தான்" என்றேன், கொஞ்சமும் தயங்காமல்.

அதிகாரி வந்த அன்று வகுப்பே எண்ணெய் மினுங்க உட்கார்ந்திருந்தது. என் தீபாவளிப் பாவாடையை அத்தை மகள் கட்டியிருந்தாள். அது அவள் இடுப்பில் நிற்காததால் அத்தை அதை வாழைநாரால் இறுக்கி விட்டிருந்தாள். அதிகாரி நல்ல மனிதர். முகம் பார்த்துச் சிரித்தார். பிள்ளைகள் வரிசையாக எழுந்து முகம் கழுவியாயிற்று, பாடம் எழுதியாயிற்று என்றெல்லாம் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல அவர் புருவம் உயர்ந்தது. அத்தை மகள் முறை வந்தது. அவளை மட்டும் பக்கத்தில் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று அவரே இங்கிலீஷில் கேட்டார். அவள் ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னாள்.

"வெரி குட்" என்று தட்டிக்கொடுத்துவிட்டு வாத்தியாரிடம் திரும்பினார். "பிள்ளைங்க தெம்பாத்தான் இருக்காங்க. இதைவிடக் கஷ்டப்படற ஊருங்க நெறைய இருக்கு." வாத்தியார் எதையோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அதிகாரி காரில் ஏறிவிட்டார். கஞ்சி வேறு ஊருக்குப் போயிற்று.

அன்று சாயங்காலம் அத்தை வந்தாள். அம்மா குழம்பு கிண்டிக்கொண்டிருந்தாள். அத்தை நேரே என்னிடம் வந்து, "அவுக கேட்டதுக்கு எம்மக என்ன சொன்னா?" என்றாள். சொல்லிக் காட்டினேன். தமிழிலும் சொன்னேன்.

"அவ எப்பச் சாப்பிட்டா, ஆத்தா?"

அதற்கும் என் புத்தகத்தில் விதி இருந்தது. "இந்த மாதிரி சொல்றப்ப எப்பன்னு சொல்லக் கூடாது அத்தை. ஆச்சுன்னு மட்டும்தான் சொல்லணும்" என்றேன்.

அம்மா அகப்பையைச் சட்டியிலேயே விட்டுவிட்டு அத்தையைப் பார்த்தாள். அத்தை என்னைத் திட்டவில்லை. என் தலையில் கை வைத்து, "நல்லாப் படி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அப்பாவும் அம்மாவும் அவள் பின்னாலேயே தெருமுனை வரை போனார்கள், அங்கே நின்று வெகுநேரம் பேசினார்கள். அம்மா திரும்பி வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. கொண்டுபோன நெல்லுக்கூடை அப்படியே அவள் இடுப்பில் இருந்தது. இப்போது அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு எரிகிறது. அன்றைக்கு, குழம்பு அடிப்பிடித்துவிட்டதே என்றிருந்தது.

அடுத்த வாரம் அரிமளத்தில் ஒரு பெரிய வீட்டில் அத்தை மகளை வேலைக்கு விட்டார்கள். மூன்று வேளையும் சோறு போடுகிற வீடு என்று பேசிக்கொண்டார்கள். போகும்போது பாவாடையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "போயிட்டு வாரேன் மதினி" என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இவ்வளவு சுத்தமாக இங்கிலீஷ் வரும் பிள்ளை, ஒரே ஒரு வாக்கியத்தோடு படிப்பை விட்டுவிட்டுப் போகிறாளே என்று எனக்கு அவள் மேல் ஆறாத கோபம்.