வளைவைத் தாண்டி நாற்பத்தொரு வீடுகள்

2023 மார்ச் 14 அன்று வடிகால் வாரியம் வெளியிட்ட ஆய்வறிக்கையின் ஏழாம் பக்கம், மூன்றாம் பத்தியில், ஆற்றில் கழிவுநீர் கலந்ததற்குக் காரணம் "உரிமம் பெறாத குழாய்ப் பணியாளர் ஒருவர் தன்னிச்சையாகச் செய்த தவறான இணைப்புகள்" என்று எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பணியாளர் என் கணவர். அறிக்கை வெளிவருவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பே அவர் இறந்துவிட்டார். இந்த வாக்கியத்தில் 'உரிமம் பெறாத' என்பது அரை உண்மை, 'தன்னிச்சையாக' என்பது முழுப் பொய், இரண்டையும் வாரியம் தெரிந்தே எழுதியது என்பது என் குற்றச்சாட்டு.

அவருடைய ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்கு அறிக்கை ஒரு வரியை ஒதுக்கியது. மீதியை நான் எழுதுகிறேன். தாள் உள்ளதைத் தேதியுடன் சொல்கிறேன். தாள் இல்லாததை, இல்லை என்று சொல்லிவிட்டே சொல்கிறேன்.

தெருவில் அவருக்குக் 'காது' என்று பெயர். நான்கடி நீளமுள்ள ஓர் இரும்புக் கம்பி வைத்திருந்தார். அதன் ஒரு முனையைத் தரையில் ஊன்றி மறுமுனையைக் காதோடு ஒட்டிக்கொள்வார். எந்தக் குழாயில் தண்ணீர் ஓடுகிறது, எங்கே கசிகிறது, எங்கே அடைத்திருக்கிறது என்பதை அப்படியே சொல்லிவிடுவார். பள்ளிக்கூடத்தின் தரையைப் பெயர்க்காமல் உடைப்பைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்குத் தலைமையாசிரியர் எழுதிய பாராட்டுக் கடிதம் என்னிடம் உள்ளது. வீட்டில் நான் சொல்வது மட்டும் அவர் காதில் விழாது. "கம்பி வெச்சுப் பேசினாதான் உங்களுக்குக் கேக்கும்போல" என்பேன். சிரித்துக்கொண்டே கம்பியைத் துடைப்பார்.

1996இல் எங்கள் தெருவுக்கு வாரியம் இரண்டு குழாய்களைப் பதித்தது. ஒன்று கழிவுநீருக்கு, அது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். மற்றொன்று மழைநீருக்கு, அது நேராக ஆற்றில் விழும். வீட்டுக் குழாய்களைக் கழிவுநீர்க் குழாயோடு இணைப்பதற்கு வீட்டுக்காரர்களே ஆள் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். தெரு முழுவதும் இவரையே அழைத்தது. வாரியத்தின் பிரிவுப் பொறியாளர் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து, தன் பையிலிருந்த ஒரு படிவத்தைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் பேனாவால் இரண்டு கோடுகள் போட்டார். வீட்டுப் பக்கம் இருப்பது கழிவுநீர், நடுத்தெருவில் இருப்பது மழைநீர் என்று குறித்தார். கீழே சுருக்கொப்பமும் தேதியும் இட்டார்: 9.6.1996.

"தெரு வளைவுக்கு அந்தப் பக்கமும் இப்படித்தானா சார்?" என்று இவர் கேட்டார். நான் கதவருகே நின்றிருந்தேன்.

"தெரு முழுக்க இதேதான். கண்ணை மூடிட்டுப் போடு."

இவர் கண்ணை மூடவில்லை. தெருவில் இருந்த குழாய்க்குழியின் மூடியைத் திறந்து பார்த்தார். இரண்டு குழாய்களும் புதியவை, ஒரே அளவு, ஒரே நிறம். இரண்டும் காய்ந்து கிடந்தன. காய்ந்த குழாயில் கம்பி வைத்துப் பயனில்லை. பொறியாளர் சொன்னபடியே இணைத்தார். உரிமம் என்ற ஒன்று எங்கள் ஊருக்கு 2004இல்தான் வந்தது. அந்த ஆண்டே இவர் பெற்றுவிட்டார்; எண் 212.

வளைவில் ஒரு பாறை இருந்தது. அதைச் சுற்றிக் கொண்டுபோன ஒப்பந்தக்காரர் இரண்டு குழாய்களையும் பக்கம் மாற்றிவிட்டார். வரைபடத்தில் அது இல்லை. ஆகவே வளைவைத் தாண்டிய நாற்பத்தொரு வீடுகளின் கழிவறைகளும் மழைநீர்க் குழாயில் சேர்ந்தன. எங்கள் வீடு அவற்றுள் ஒன்பதாவது.

2015இல் ஆற்றைப் பற்றி முதல் மனுவை எழுதியவள் நான். மழையே இல்லாத மாதங்களில் பாலத்தடியில் உள்ள மழைநீர்க் குழாயின் வாயிலிருந்து சாம்பல் நிறத்தில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஏழு பேர் சேர்ந்து குழு அமைத்தோம். எங்கள் முன்னறையில்தான் கூட்டம். ஆறு ஆண்டுகளில் பதினொரு மனுக்கள் எழுதினேன். பதினொன்றிலும் மேட்டில் இருந்த சலவைக்கூடத்தையே குற்றம் சாட்டினேன். அது என் தவறு. அந்த நகல்களையும் நான் கிழிக்கவில்லை.

மனுக்கள் எல்லாவற்றிலும் என் கணவர் கையெழுத்திட்டிருக்கிறார். முதல் மூன்றில் பேனா தாளின் பின்பக்கம் வரை அழுந்தியிருக்கிறது. நான்காவதிலிருந்து எழுத்து மெலிகிறது. பதினொன்றாவதில் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். அந்தக் காலத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை. கம்பியைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு, வெளிவேலைக்கு மட்டும் எடுத்துப் போனார். எங்கள் தெருவில் அவர் அதை ஊன்றி நான் பார்க்கவேயில்லை. அதையும் கவனிக்கவில்லை.

2021 பிப்ரவரியில் சாயம் ஊற்றிப் பார்ப்பது என்று குழு முடிவு செய்தது. கழிவறையில் ஒரு கரண்டி பொடியைக் கரைத்து ஊற்றினால், அது போய்ச் சேரும் இடத்தில் தண்ணீர் பளிச்சென்று பச்சையாகும்.

"நம்ம வீட்டுலயே ஆரம்பிப்போம். அப்பதான் மத்தவங்க கதவைத் திறப்பாங்க" என்றேன்.

"நம்ம வீடு வேண்டாம்."

"ஏங்க?"

"வேண்டாம்னா விடேன்."

நான் விடவில்லை. 21ஆம் தேதி காலை பத்தேகாலுக்கு அவரே ஊற்றினார். நான் குழுவோடு பாலத்தில் நின்றேன். சலவைக்கூடத்துக்காரரும் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். 10.32க்குக் குழாய் வாயிலிருந்து பச்சை இறங்கியது. முதலில் ஒரு நூல்போல. பிறகு கரை ஓரம் முழுவதும்.

சலவைக்கூடத்துக்காரர்தான் மெதுவாகச் சொன்னார்: "ஏக்கா, இத்தனை வருஷமா உங்க வீட்டுத் தண்ணிதான் என் பேர்ல ஓடிட்டு இருந்துச்சா?"

வீட்டுக்கு வந்தேன். அவர் குளியலறை வாசலில் கம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"எத்தனை நிமிஷம்?"

"பதினேழு."

கணக்குப் போட்டார். "அப்ப வளைவுக்கு அந்தப் பக்கம் அத்தனையும். நான்தான் போட்டேன்."

"முன்னாடியே தெரியுமா உங்களுக்கு?"

"கேட்டுட்டுதான் இருந்தேன். கேக்கலைன்னு எனக்கு நானே சொல்லிட்டிருந்தேன்."

இந்த உரையாடலுக்குத் தாள் இல்லை. இது வாரியத்துக்குச் சாதகமாகலாம் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் மறைக்கவில்லை. அவர் மறைத்த சில ஆண்டுகளுக்கு அவரே பதில் சொல்லிவிட்டார். எப்படி என்பதை இனி எழுதுகிறேன்.

சலவைக்கூடத்துக்காரரிடம் நான் எழுத்தில் மன்னிப்புக் கேட்டேன். என் கணவர் அடுத்த வாரமே தோண்டத் தொடங்கினார். கூலி வேலை முடிந்தபின் மாலையில் ஒரு வீட்டு வாசல். பழைய இணைப்பை அடைத்து, சரியான குழாயோடு சேர்த்து, சாயம் ஊற்றிச் சரிபார்த்து, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்குவார். சிலர் தேநீர் கொடுத்தார்கள். சிலர் கதவைத் திறக்கவில்லை. பதினேழாம் வீட்டு ஓய்வுபெற்ற வங்கிக்காரர் வாசலை மறித்து நின்றார்.

"காது, உன் மனசாட்சிக்கு என் டைல்ஸையா உடைக்கணும்?"

"திரும்ப ஒட்டித் தந்துடறேன் சார்."

"ஒட்டினது ஒட்டினதாத் தெரியாதா?"

"தெரியும் சார். ஆத்துல போறதும் தெரியுது."

அந்த வாசல் கடைசி வரை திறக்கவில்லை. கம்பி மீண்டும் எங்கள் தெருவுக்குள் வந்தது. இப்போது அவரால் அதைக் கீழே வைக்க முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தவர் பாதியில் எழுந்து வாசலில் ஊன்றுவார். "இருபத்தொண்ணு. குளிக்கறாங்க," என்பார். "முப்பத்தாறு. குழந்தைக்குக் கழுவறாங்க." ஒவ்வொரு வீடும் ஆற்றுக்கு அனுப்புவதை அவர் எண்ணோடு கேட்டுக்கொண்டிருந்தார். விரல் நகங்களில் பச்சை நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

இருபத்துமூன்று வீடுகள் முடிந்த நிலையில், 2022 செப்டம்பர் 5 அன்று வாரியம் தடை அறிவிப்பு அனுப்பியது: அனுமதியின்றி வாரியக் குழாய்களில் கைவைத்தல். மீறினால் வழக்கு. அந்த அறிவிப்பில் அவரைக் குறிப்பிட்டிருப்பது 'உரிமம் எண் 212' என்று.

அக்டோபர் இறுதியில் காய்ச்சல் வந்தது. பிறகு மஞ்சள் காமாலை. கழிவுநீரில் வேலை செய்பவரா என்று மருத்துவர் கேட்டு எழுதிக்கொண்ட சீட்டு உள்ளது. செவிலியர் அவருடைய நகங்களைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, பெயின்டரா?" என்றார். "ஆமாம்மா, ஆத்துக்கு அடிச்சேன்" என்றார் இவர். கட்டிலை ஒட்டிய சுவருக்குள் குழாய் ஒன்று இறங்கியது. அதன் மேலேயே காதை வைத்துப் படுத்திருந்தார். "இங்க சரியாப் போட்டிருக்காங்க" என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார். நவம்பர் 11 அன்று இறந்தார். குளிப்பாட்டும்போதும் நகங்கள் பச்சையாகவே இருந்தன.

அறிக்கை வந்ததும் வரைபடத்தின் இருபக்க நகலோடு வாரிய அலுவலகத்துக்குப் போனேன். பிரிவு எழுத்தர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல முத்திரை இல்லையேம்மா. இது எங்க தாள்னு எப்படிச் சொல்றீங்க?"

"பின்பக்கம் பாருங்க தம்பி. உங்க இணைப்புப் படிவம். வரிசை எண் அச்சடிச்சிருக்கு."

"அப்ப மூலத்தைக் குடுத்துட்டுப் போங்க. ஃபைல்ல வைக்கணும்."

"ஃபைல்ல வெச்சா திரும்ப வருமா?"

அவர் சிரித்துவிட்டார். நல்ல பிள்ளை. "நானா இருந்தா குடுக்க மாட்டேம்மா" என்றார். மூலம் என் வீட்டிலேயே இருக்கிறது.

இன்னொரு தாளும் இருக்கிறது. தகவல் கேட்டு நான் எழுதிய மனுவுக்குக் கட்டுக்கட்டாக வந்த நகல்களுக்கு நடுவில், யாரும் படிக்க மாட்டார்கள் என்று எண்ணி அனுப்பியதுபோல், 1998 ஆகஸ்ட் 19 தேதியிட்ட பராமரிப்புப் பொறியாளரின் குறிப்பு கிடைத்தது: "வளைவில் குழாய்கள் பக்கம் மாறியுள்ளன. அதற்கு அப்பாலுள்ள வீட்டு இணைப்புகளை மாற்றியமைக்க வேண்டும்." ஓரத்தில் வேறொரு கையெழுத்தில்: "பின்னர் பார்க்கலாம்." இருபத்துநான்கு ஆண்டுகள் வாரியத்துக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பதினெட்டு வீடுகள் மீதம் உள்ளன. கம்பி கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதைத் தொடக்கூடாது என்று இருந்தேன். ஒருநாள் காலை வாசலில் ஊன்றிக் காதை வைத்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு மிகத் தாழ்வாக, யாரோ பக்கத்து அறையில் பேசுவதுபோல் கேட்டது. "பதினேழு. வங்கிக்காரர் வீடு" என்றேன், வாய்விட்டு. வீட்டில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் எனக்குப் பின்னால் அவர் தலையாட்டியது போலிருந்தது. இப்போது கம்பி இல்லாமலும் கேட்கிறது.

ஆகவே வாரியத்திடம் கேட்கிறேன். 9.6.1996 தேதியிட்ட வரைபடத்தில் உள்ள சுருக்கொப்பம் உங்கள் பொறியாளருடையதா, இல்லையா? 1998ஆம் ஆண்டுக் குறிப்பின் மேல் எடுத்த நடவடிக்கை என்ன? ஏழாம் பக்கத்திலிருந்து 'உரிமம் பெறாத', 'தன்னிச்சையாக' ஆகிய சொற்களை எந்தத் தேதியில் நீக்குவீர்கள்? பதினெட்டு வீடுகளின் இணைப்புகளை எந்தத் தேதியில் மாற்றுவீர்கள்? தொலைபேசியில் சொல்ல வேண்டாம். ஆள் அனுப்ப வேண்டாம். இந்த மனு கிடைத்த முப்பது நாட்களுக்குள், கையொப்பமும் முத்திரையும் இட்டு, எழுத்தில் பதில் தர வேண்டும்.