கோட்டைக்குப்பம்: நான் எழுதி, நானே பார்க்க முடியாத கணக்கு

பழவேற்காடு போய்வந்து மூன்று வாரமாகிவிட்டது. பறவை பார்க்கப் போகிறவர்களுக்கும் இதில் வழி இருக்கிறது. ஆனால் நான் போனது பறவைக்காக இல்லை.

ஏழு வருடம் முன்பு, கல்லூரி முடித்த கையோடு, ஓர் ஆய்வுக்காகப் பழவேற்காட்டை ஒட்டிய கோட்டைக்குப்பம் கரையில் மூன்று மாதம் உட்கார்ந்து, வலையில் எத்தனை உழுவை விழுந்தது என்று கேட்டு எழுதினேன். முன்பாதி திருக்கை, பின்பாதி சுறா மாதிரி இருக்கும் கடல்மீன் அது. இப்படிப்பட்ட கணக்குகளை வைத்து இப்போது அதைப் பாதுகாக்கப்பட்ட உயிரினங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள், பிடித்தால் வழக்கு. அப்போது எனக்குத் தினமும் டீ கொடுத்த செல்வி அக்காவின் கணவர் மேல் இப்போது அந்த வழக்கு. "நீ எழுதிக்கினு போனியே, அதுல இன்னா கீதுன்னு வாங்கிக் குடும்மா, வக்கீலு கேக்குறாரு" என்று அக்கா போன் செய்தார்.

ஆய்வு நடத்தியவர்களுக்கு எழுதினேன். சுருக்க அறிக்கையை எவரும் படிக்கலாம், கணக்கெடுப்புத் தாள்களை வெளியாருக்குத் தருவதில்லை என்று பதில் வந்தது. எழுதியவளே வெளியாள்! இதைப் போனில் சொல்ல மனம் வரவில்லை.

ஞாயிறு காலை 6.50க்கு சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி ரயில். பொன்னேரிக்குப் பத்து ரூபாய், ஒரு மணி நேரம். மடியில் இரண்டு வயது மகள். பையில் காய்ச்சல் மருந்து, தெர்மாமீட்டர், மூன்று பாட்டில் கொதித்து ஆறிய தண்ணீர். (கணவர் சிரித்தார். சிரிக்கட்டும்.) பொன்னேரியிலிருந்து பழவேற்காடு சுமார் இருபது கிலோமீட்டர். நாற்பது நிமிடம் பஸ்ஸுக்கு நின்றுவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன், ஆளுக்கு நாற்பது ரூபாய்.

"பாப்பாவ கெட்டியா புடிச்சிக்கோ மேடம், ரோடு டான்ஸ் ஆடும்" என்றார் டிரைவர். ஆடியது.

செல்வி அக்கா வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தார். பதில் கடிதத்தைப் படித்துக் காட்டினேன்.

"ஏரியில மீன் புடிக்க யாருக்கு எந்த எடம்னு எல்லாரும் பாக்க வச்சிதான் இங்க சீட்டு எடுப்பாங்க. எவன் வேணா கேள்வி கேக்கலாம். இத மட்டும் ஏன் மூடி வச்சிக்கினு கீறாங்க?"

வலையைத் தைத்துக்கொண்டிருந்த அவர் கணவர் தேசப்பன் அண்ணன் தலை நிமிராமலே சொன்னார்: "அதுல கீறதே பொய்யி. அஞ்சு வுழுந்தா ரெண்டுன்னுதான் உங்கிட்ட சொல்வோம். முழுசா சொன்னா கண்ணு பட்ரும், மறுநாளு வலை காலியா வரும்."

"அடப்பாவி மனுசா! கோர்ட்டுல போயி இதச் சொல்லித் தொலைக்காத" என்றார் அக்கா.

மூன்று மாதமும் 'ரெண்டு', 'ரெண்டு' என்று நிரப்பியிருந்தேன்.

"இப்ப நெஜமாவே கம்மியாண்ணா?"

"கம்மிதான். எவ்ளோ கம்மின்னு எனக்கு இன்னா தெரியும்? நீதான எழுதின."

பட்டியலே தப்பு என்று நான் சொல்லவில்லை. உழுவை குறைந்தே இருக்கலாம். வேறு கரைகளில் என்னைவிட ஒழுங்காக எண்ணியிருக்கலாம். உழுவையைப் பட்டியலில் சேர்த்த முடிவில் என் 'ரெண்டு' எவ்வளவு எடை பெற்றது என்று யாராலும் பார்க்க முடியாது என்பதுதான் என்னை அரிக்கிறது. தாள் திறந்திருந்தால் அண்ணன் அன்றைக்கே சிரித்திருப்பார், நானும் திருத்தியிருப்பேன்.

மதியத்துக்குள் மகளுக்கு உடம்பு சுட்டது. 99.4. வெயில்தான் என்றார் அக்கா; நான் நம்பாமல் இரண்டு மணிக்கே கிளம்பிவிட்டேன்.

போகிறவர்களுக்கு: காலையிலேயே போய்விடுங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள். யார் கூப்பிட்டாலும் குழந்தையோடு படகில் ஏறாதீர்கள். ஆய்வுக்காகப் போகிற மாணவர்கள், எழுதுகிற ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நகலைக் கேட்ட வீட்டிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். நான் கொடுக்கவில்லை.

அன்று கேட்டதையெல்லாம் என் பெயர் போட்டு வக்கீலுக்கு எழுதி அனுப்பினேன், அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான். நேற்று வக்கீல் கூப்பிட்டார். "தாள்ல தப்பு இருக்குன்னு எழுதியிருக்கீங்க. சரிம்மா, தாள் எங்க?"