கல் கட்டிய புடலை

ஈரத்துணியில் முடிந்து வைத்த விதை ஊறி வெடிக்கும்போது புளித்த கஞ்சியைப் போல ஒரு வாசனை வரும். மாசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுச் சமையலறை முழுக்க அந்த வாசனைதான். புடலை விதைகளைப் பழைய வேட்டிக் கிழிசலில் முடிந்து அடுப்போரம் வைத்திருக்கும் அம்மா, வெள்ளையாக முளை எட்டிப் பார்த்ததும் தோட்டத்துக்குக் கொண்டுபோய் விரலால் குழி பறித்து ஊன்றி, வெயில் சுட்டுவிடாமல் மேலே பனையோலையைக் கவிழ்த்து வைப்பாள்.

தோட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பெரிய சாலைக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம், அவ்வளவுதான். அது தனக்குத்தான் என்று அடுத்த வீட்டிலிருந்த பெரியப்பா சொல்லிக்கொண்டிருந்தார். அதில் டிராக்டர் நிறுத்தக் கொட்டகை போட வேண்டும் என்பது அவர் எண்ணம். லாரி ஓட்டிய அப்பா பாதி நாள் ஊரிலேயே இருக்கமாட்டார். அண்ணன் முன்னால் குரல் உயர்த்தவும் மாட்டார். பெருமுக்கல் பக்கத்தில் பிறந்த அம்மாதான் யாரையும் கேட்காமல் மண்ணைக் கொத்தி விதை போட்டாள்.

"இந்த எடத்துல எதனா மொளைச்சா புடுங்கி எறிஞ்சிடுவேன்" என்றார் பெரியப்பா.

"புடுங்குங்க மாமா. நான் திரும்ப ஊனிக்கிறேன்."

முதலில் ஆடுகளை அவிழ்த்துவிட்டார். இரண்டு இலை விட்டிருந்த நாற்றுகள் ஒரே காலையில் மொட்டையாகிவிட, அம்மா மறுபடியும் விதை ஊறவைத்தாள். அடுத்து, கொடி முழங்கால் உயரம் வந்தபோது, களைக்கொல்லியை அடித்தார். இலைகள் நெருப்பு பட்டதுபோல் சுருண்டு கருகின. அம்மா அழவில்லை. மேல்மண்ணைச் சுரண்டி எறிந்து, ஏரி வண்டலைக் கூடையில் சுமந்து வந்து கொட்டி, மூன்றாம் முறையும் ஊன்றினாள். அந்த முறைதான் கொடி பந்தலேறிப் பூத்தது. சுருளாமல் நேராக நீளட்டும் என்று ஒவ்வொரு பிஞ்சின் நுனியிலும் நூலால் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டாள்.

அப்பா ஊரில் இருந்த ஒரு மத்தியானம் பெரியப்பா கொடுவாளோடு வந்தார். பந்தல் கால்களை வெட்டத் தொடங்கினார். அப்பா ஓடிப்போய் நடுவில் நின்று, "வேணாம்ண்ணா, வேணாம்ண்ணா" என்று கையை நீட்டினார். பந்தல் கால்மேல் விழவேண்டிய வெட்டா, தம்பிமேல் விழவேண்டிய வெட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்பாவின் தோள் பிளந்து, எலும்பின் வெள்ளை ஒரு கணம் தெரிந்து, பிறகு எல்லாம் சிவப்பாகிவிட்டது.

அம்மா பந்தலில் கைக்கெட்டிய காயைப் பிடித்து இழுத்தாள். காயோடு, நூலோடு வந்த கல்லைச் சுழற்றி வீசியதில் அது பெரியப்பாவின் இடது காதில் இறங்கியது. அவர் சரிந்து பாத்திக்குள் விழுந்தார். அம்மா விடவில்லை, கீழே கிடந்தவரை அடித்தாள், காய் நசுங்கி நூல் அறுந்த பின்பு கல்லைக் கையிலேயே எடுத்து மறுபடி ஓங்கினாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டது பெரியம்மா. "போதும்டி. செத்துட்டா நீ ஜெயிலுக்குப் போய்டுவே" என்றாள். புருஷனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அண்ணனையும் தம்பியையும் ஒரே டெம்போவில் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தித்தான் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அப்பாவின் வலது கை அதற்குப் பிறகு தோளுக்கு மேல் எழவில்லை, லாரி போயிற்று. பெரியப்பாவுக்கு ஒரு காது போயிற்று. காவல் நிலையத்தில் ஊர்க்காரர்கள் பேசி, நிலத்தை எங்களுக்கே விட்டார்கள்.

சில வாரங்கள் கழித்து, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து பெரியம்மா வேலியோரம் வந்து நின்றாள். அவள் முகத்தில் நாங்கள் எப்போதும் பார்த்த வீக்கம் அன்று இல்லை. "கை ஓங்கினாருன்னா உன் பேரைச் சொல்றேன். எறக்கிக்கிறாரு" என்றாள். பிறகு, "எனக்கும் நாலு வெதை குடு" என்றாள். அம்மா உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தாள்.

இப்போது அம்மா விழுப்புரத்தில் என்னோடு இருக்கிறாள். அப்பா இல்லை, பெரியம்மாவும் இல்லை. போன மாதம் திண்டிவனத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் பெரியப்பாவைப் பார்த்தோம். பல் போய், உடல் ஒடுங்கி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அம்மாவைப் பார்த்ததும், "உன் கையால எல்லாருக்கும் சேதாரம்தான்மா" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். அம்மா அவருடைய கேட்கும் காதுப் பக்கமாகப் போய், "சாப்பிட்டுட்டுப் போங்க மாமா" என்று மட்டும் சொன்னாள்.

திரும்பும்போது பேருந்து நாலுவழிச் சாலையில் விரைந்தது. சாலையை அகலப்படுத்தியபோது இரண்டு வீடுகளும் அந்தத் துண்டு நிலமும் தாருக்கு அடியில் போய்விட்டன. இடத்தைக் காட்ட ஒரு மரம்கூட மிச்சமில்லை. மேம்பாலத்தை வைத்துத்தான் குத்துமதிப்பாகச் சொல்ல முடியும். "இங்கதானேம்மா?" என்று கேட்டேன். அம்மா திரும்பிப் பார்ப்பதற்குள் கடந்துவிட்டோம்.