எந்த லேபில் ஆயில் கொடுப்பது?

மீன்பிடித் தடைக்காலம் முடியச் சில நாள்தான் பாக்கி. அப்போது பார்த்து எங்கள் விசைப்படகு கரும்புகை விட ஆரம்பித்தது. என்ஜினைப் பிரித்தே ஆகணும் என்றார் மெக்கானிக். பிரித்தால் முதல் நாள் கடலுக்குப் போக முடியாது. காசிமேட்டுத் துறைமுகமே கடலில் இருக்க, நாங்கள் மட்டும் கரையில் நின்று டாட்டா காட்டுவதா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ஜினில் ஓடிய பழைய ஆயிலை லேபில் சோதிக்கக் கொடுத்தால் உள்ளே தேய்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும், அப்புறம் ஸ்பானரை எடுங்கள் என்றேன்.

எந்த லேப்? படகு ஓட்டும் என் தம்பியோடு இரண்டு இடம் ஏறி இறங்கினேன். திருவொற்றியூர் லேபில் இருந்த அம்மா, ஆயில் எவ்வளவு நேரம் ஓடியது, என்ஜின் சூட்டில் எடுத்ததா என்று துளைத்தெடுத்தார்.

"இன்னாக்கா, ஆயில் குடுக்க வந்தமா, பொண்ணு கேக்க வந்தமா?" என்று தம்பி என் காதைக் கடித்தான்.

கிண்டி லேபில் ஏசி, கண்ணாடிக் கதவு, காபி. ஒரு கேள்வி இல்லை. மயங்கிப் போய் அங்கேயே பாட்டிலைக் கொடுத்தோம்.

ரிப்போர்ட் வந்தது. ஆயிலில் உப்பாம். கடல் தண்ணீர் என்ஜினுக்குள் புகுந்திருக்கலாமாம். அப்படியானால் என்ஜினைப் பிரித்தே ஆகணும். மெக்கானிக் முகத்தில் மட்டும் கல்யாணக் களை.

அவரைப் படகில் ஏறவிடாமல் உட்கார வைத்துவிட்டு, தம்பி பிடித்து வைத்திருந்த இன்னொரு பாட்டில் ஆயிலோடு திருவொற்றியூருக்கு ஓடினோம். அந்த அம்மா ரிப்போர்ட்டைப் படித்தார். "பாட்டிலை எதுல கழுவினீங்க?"

தம்பி நெஞ்சை நிமிர்த்தினான். "கடத் தண்ணியிலதான் மேடம். மூணு தபா கழுவி வெயில்ல காய வெச்சேன். கலீஜே இல்ல."

படகில் தட்டு, சட்டி, கை, கால் எல்லாமே எங்களுக்குக் கடல் தண்ணீரில்தான். எனக்கும் அதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "தண்ணி காஞ்சா உப்பு எங்க போவும்?" என்று எங்களை நிற்க வைத்துத் திட்டினார். பிறகு தன்னிடமிருந்த புது பாட்டிலை நீட்டி, "இதைக் கழுவாதீங்க, தொடைக்காதீங்க, ஊதக்கூட ஊதாதீங்க" என்றார்.

அதில் பிடித்துக் கொடுத்த ஆயிலில் உப்பும் இல்லை, தேய்மானமும் இல்லை. டீசல் சரியாக எரியாத கரிதான் இருந்தது. மெக்கானிக் முணுமுணுத்துக்கொண்டே டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை மட்டும் கழற்றிச் சுத்தம் செய்தார்.

முதல் நாள் எல்லாப் படகோடும் எங்கள் படகும் போனது. வெட்கமில்லாமல் நான் கரையில் நின்று துள்ளிக் குதித்தேன்.

இப்போது துறைமுகத்தில் யார் லேப் விசாரித்தாலும் தம்பி ஒரே இடத்தைத்தான் சொல்கிறான். "திருவொத்தியூருக்குப் போ மாமு. அந்தம்மா சூப்பரா திட்டும்."