கம்ப்யூட்டர் நோயாளிக்குக் குரல் கொடுத்தவன்

அக்கா, டாக்டர் அறையின் கதவைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்த நேரத்தில், நான் டாக்டரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தேன். பல்லெல்லாம் தெரியச் சிரித்திருக்கிறேன். படம் இன்னும் போனில் இருக்கிறது, திறந்து பார்ப்பதில்லை.

எனக்குச் செஞ்சியில் மிக்சி ரிப்பேர் கடை. திருவிழா மேடைகளில் ஜோக்கர் வேஷமும் உண்டு. அந்தக் கொழுப்பில்தான் ஒரு மருத்துவக் கல்லூரியில் கூப்பிட்டதும் ஓடினேன். மாணவர்கள் நோயாளியிடம் பேசிப் பழக, கம்ப்யூட்டர் திரையில் ஒரு பொம்மை நோயாளி. அதற்கு எங்கள் ஊர்க் குரல் வேண்டுமாம். முதலில் செஞ்சி பக்கம் வல்லத்தில் இருக்கும் அக்காவை நினைத்துக்கொண்டுதான் பேசினேன். எங்கள் பக்கத்து ஜனங்கள் நாற்காலியில் உட்கார்ந்து உண்மையைச் சொல்ல மாட்டார்கள். கை வலி என்பார்கள், மல்லாட்டைப் பயிருக்கு மழை இல்லை என்பார்கள். எழுந்து போய்க் கதவைத் தொட்ட பிறகுதான் "அது இன்னான்னா டாக்டரு..." என்று திரும்புவார்கள். வந்த காரியமே அதுவாக இருக்கும்.

பதிவு செய்த மேடம் கையைத் தூக்கி நிறுத்தினார். "இப்படிச் சுத்தி வளைச்சா பசங்க குழம்பிடுவாங்க சார். கேட்டதும் சொல்லிடுங்க. கடைசியில ஒரு நன்றி." எனக்கென்ன, கைதட்டல் கிடைத்தால் சரி. மாணவர் "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது" என்றதும் என் பொம்மை எல்லாவற்றையும் மளமளவென்று கொட்டிவிட்டு, "இப்பத்தான் டாக்டர் மனசு லேசாச்சு" என்று உருகும். மாணவருக்கு மதிப்பெண் விழும். இப்படி ஒரு நோயாளியை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

போன மாசம் அக்கா கை வலி என்றாள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். இளம் டாக்டர். "உங்க கஷ்டம் எனக்குப் புரியுதும்மா. வேற ஏதாவது சொல்லணுமா?"

"இன்னா இருக்குது சாமி, ஒண்ணுமில்ல."

அவர் தலையாட்டி மாத்திரை எழுதினார். அக்கா கதவுக்குப் போனாள். நான் வாயைத் திறந்து நன்றி சொன்னதுதான் தாமதம், டாக்டர் துள்ளி எழுந்தார். "சார், இந்தக் குரல்! காலேஜ்ல எங்க பேஷன்ட் நீங்கதானே? அந்த டயலாக்க ஒரு தடவ சொல்லுங்களேன்!"

சொன்னேன். உருகியே சொன்னேன். செல்ஃபியும் எடுத்துக்கொண்டோம். "அது இன்னான்னா..." என்று ஆரம்பித்த அக்கா, எங்கள் சிரிப்பைப் பார்த்துவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

பஸ் ஸ்டாண்டில்தான் எனக்கு உறைத்தது. "இன்னாக்கா சொல்ல வந்த அங்க?"

"மார்ல கட்டி ஒண்ணு இருக்குதுடா. பொங்கலுக்கு முன்னாடியே பாத்தேன். நீங்க சிரிச்சிக்கினு கெடந்தீங்க, இன்னாத்த சொல்றது?"

டாக்டர் மேல் கோபம் வந்தது. ஆனால் அவர் பழகிய நோயாளிக்கு எழுந்து போகக் கதவே கிடையாதே. அதைப் பிடுங்கிப் போட்டவன் நான்தான். என் குரலே எனக்கு நாறியது.

வந்த பஸ்ஸை விட்டுவிட்டு, அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அறை வாசலில் அவள் கையை உதறினாள்.

"நீ வெளியவே நில்லு. உள்ள வந்தா நீதான் பேசுவ."