அம்மிணியின் இடது கண்

செல்லையன் காலமான செய்தியை அவர் மனைவிதான் ஃபோனில் சொன்னார். "டீச்சரே, அவரு போயிட்டாரு. சாயா கேட்டாரு, நான் கொண்டு வர்றதுக்குள்ள..." ஃபோனை வைத்த பிறகும் நான் இப்போது வசிக்கும் கரமனையின் வெயிலுக்கு நடுவே, எனக்குள் வெகுநேரம் பொன்முடிப் பனி இறங்கிக்கொண்டிருந்தது.

பொன்முடி மலைச் சரிவில் நான் முன்பு வேலை பார்த்த தேயிலைத் தோட்டப் பள்ளிக்கு எதிரே, சர்க்கஸ்களிலிருந்து மீட்ட குரங்குகளுக்கு ஒரு சிறு காப்பகம் இருந்தது. அவற்றுக்குப் பழமும் சோறும் வைப்பவர் செல்லையன். காலைப் பனியில் கம்பிவலை தெரியாது. குரங்குகள் வெள்ளைக்குள் மிதப்பதுபோல் இருக்கும். அம்மிணி என்ற கிழட்டுக் குரங்கு அவர் தலையில் இடது பக்கமாகவே பேன் பார்க்கும். அவர் இருமினால் கையை எடுத்துக் காத்திருக்கும்.

அந்த இருமல் காசநோய் என்று தெரிந்த அன்றே அவர் கால்நடை மருத்துவரிடம் போனார். "என் கையாலதான் அதுகளுக்கு ஊட்டுனேன். அதுகளையும் பாக்கணும் சாரே." மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

காசநோய் தொற்றியிருக்கிறதா என்று பார்க்க, குரங்குகளுக்கு மேலிமையில் ஒரு துளி மருந்தை ஊசியால் ஏற்றுவார்கள். மறுபடி பிடிக்காமல் தூரத்திலிருந்தே பார்க்கலாம் என்பதால்தான் இமை. முன்பு திருட வந்தவனின் சட்டையை மோந்தாலே குரைக்கும் நாயைப்போல, அந்தக் கிருமியை முன்பே சந்தித்த உடம்பு மருந்தைக் கண்டதும் வீங்கும். மூன்று நாள் பார்க்க வேண்டும். நோய் உறுதியானால், மற்றவற்றைக் காப்பதற்காக அந்தக் குரங்கை ஊசி போட்டு முடித்துவிடுவார்கள்.

செல்லையன் கூண்டருகே வரக்கூடாது. வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு சாலை வளைவில் நிற்பார். பள்ளி விட்டதும் நான் பார்த்துவந்து சொல்ல வேண்டும். முதல் நாள், "எல்லாம் நல்லாயிருக்கு," என்றேன்.

"பிள்ளைகளுக்கு மார்க்கு போடுற மாதிரி மொத்தமாச் சொல்லாதீங்க டீச்சரே. ஒவ்வொண்ணாச் சொல்லணும்."

இரண்டாம் நாள் அம்மிணியின் இடது இமை தடித்துத் தொங்கியது. எனக்கு மனம் வரவில்லை. "அம்மிணிக்கு இடது கண்ணுல கொஞ்சம் தூக்கக் கலக்கம் போல," என்றேன்.

"தூக்கம்னா ரெண்டு கண்ணும்லா தூங்கணும்?"

"வீக்கம்தான்," என்றேன்.

"அதாக்கும். உள்ளதச் சொன்னா நானும் அவகூடச் சேர்ந்து பயப்படலாமில்லா."

மூன்றாம் நாள் மருத்துவரும் நானும் வலையோரம் நின்றோம். எங்கும் வெண்மை. அதற்குள்ளிருந்து ஒரு சாம்பல் உருவம் மெல்ல வந்து உட்கார்ந்தது. இரண்டு கண்களும் ஒன்றுபோல் திறந்திருந்தன. "ஊசி குத்துன வீக்கமாக்கும். வத்திப்போச்சு. நோயில்லை," என்றார் மருத்துவர்.

வளைவுக்கு ஓடினேன். சொன்னதும் செல்லையன் நம்பவில்லை. "கண்ணு என்ன நிறம்?"

"தேன் நிறம். இடது கண்ணோரம் ஒரு கறுப்புப் புள்ளி."

அப்போதுதான் அவர் சாலையிலேயே உட்கார்ந்தார்.

அவரும் குணமாகி, அம்மிணி சாகும்வரை அவளுக்குப் பழம் ஊட்டினார். உள்ளதைப் பார்த்து உள்ளபடி சொல்லும் பழக்கம், அவரிடமிருந்து எனக்கு வந்தது. அதனால் உங்களுக்கும் அப்படியே சொல்கிறேன். அடக்கத்துக்குப் போனபோது, அவர் முகம் உறங்குவதுபோல் இருந்ததாகப் பலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு கண்களும் மூடியிருந்தன, அவ்வளவுதான். தலையில் இடது பக்கத்து முடி மட்டும், யாரோ பேன் பார்த்துவிட்டு இப்போதுதான் எழுந்துபோனதுபோல் கலைந்திருந்தது.