அம்மா படத்துக்கு முன்னால் ஒரு விளக்கு

என் அத்தை சொன்ன கணக்குப்படி அம்மாவின் ஆயுள் எப்போதோ முடிந்திருக்க வேண்டும். ஆனால் நேற்றுகூட அம்மா போனில் அரை மணி நேரம் என்னைத் திட்டினாள். எட்டு வயதில் நான் அத்தையை முழுசாக நம்பினேன். அந்த நம்பிக்கையில் மதுரையில் ஒரு பெரிய கூட்டத்தின் நடுவே நான் செய்த காரியத்தை எங்கள் தெரு இன்னும் மறக்கவில்லை.

எங்கள் ஊர் உசிலம்பட்டிக்கு மேற்கே இருக்கிறது. மழை பெய்தால் நிலக்கடலை, பெய்யாவிட்டால் மழையைப் பற்றிய பேச்சு. அந்தக் கோடை விடுமுறையில் ஓவியர் அக்கா ஒருவர் வந்து பள்ளிக்கூடத்தில் தங்கினார். அவரை அனுப்பியவர் மதுரையில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி. கடையின் மாடி முழுவதையும் ஓவியங்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த மனிதர். ஆண்டுக்கு ஓர் ஊருக்கு ஓர் ஓவியரை அனுப்பி, தங்கவைத்து, சாப்பாடும் வண்ணமும் தந்து, அந்த ஊர்ச் சனங்களை வரையச் சொல்வார். வரைந்ததையெல்லாம் தன் மாடியில் கண்காட்சியாக வைப்பார். சேலை விற்றுச் சம்பாதித்ததை ஒருவர் இப்படிச் செலவழிக்கிறார் என்றால் அவருக்கு மறை கழன்றிருக்க வேண்டும் என்று எங்கள் ஊர் முடிவுகட்டியது.

காலையில் அக்கா எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு வண்ணம் தீட்டச் சொல்லிக்கொடுத்தார். பிற்பகலில் பெரியவர்களை உட்காரவைத்து வரைய வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் ஒருவரும் உட்கார வரவில்லை. எங்கள் வீடுகளில் சட்டம் போட்டு மாட்டிய மனிதப் படம் என்றால் அது செத்தவர் படம்தான். அதற்கு ஒரு மாலை, ஒரு சின்ன பல்பு, வெள்ளிக்கிழமைக்கு ஒரு பத்தி. உயிரோடு இருப்பவர்களுக்கு ரேஷன் கார்டில் இடம் உண்டு, சுவரில் கிடையாது.

மூன்றாம் நாள் அம்மா களையெடுத்துவிட்டு வந்த கையோடு பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பி, "நான் உக்காரவா தாயி?" என்று கேட்டுவிட்டாள். செய்தி அத்தைக்கு எட்ட அதிக நேரமாகவில்லை. அப்பாவின் அக்கா அவள். எங்கள் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"உசுரோட இருக்கவள அம்புட்டுப் பெருசாப் படம் போட்டு மாட்டுனா ஆயுசு கொறையும். பிள்ளக்குட்டிக்காரி, யோசிச்சுக்க."

"ஆயுசு கெடக்கு மதினி. உக்காருன்னு ஒருத்தி சொல்றா, உக்காந்துட்டு வாரேன்."

நான்கு பிற்பகல்கள் தலைமையாசிரியரின் நாற்காலியில் அம்மா உட்கார்ந்தாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சோறு தின்னும்போதுகூடப் பாதி எழுந்தமாதிரி உட்காருகிறவள், தலையில் கட்டிய துண்டோடு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வேலையும் செய்யாமல் இருந்தாள். ஆயுள் குறைய ஆரம்பித்துவிட்டது என்றே நினைத்தேன். அன்றிலிருந்து ராத்திரியில் அவள் மூச்சுவிடுகிறாளா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். "கொசுவா?" என்று தூக்கத்திலேயே தட்டிவிடுவாள்.

கண்காட்சித் திறப்பு விழாவுக்கு முதலாளி ஊருக்கே பஸ் அனுப்பினார். நாகமலை புதுக்கோட்டை தாண்டும்வரை பெண்கள் சிரித்துக் கும்மாளம் போட்டார்கள். மதுரை எல்லைக்குள் நுழைந்ததும் எல்லாரும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு பேச்சை நிறுத்தினார்கள். மாடிப்படியின் கீழே செருப்புகளைக் கழற்றினோம். மதுரைக்காரர்கள் செருப்போடுதான் மேலே போனார்கள். கழற்றச் சொன்னது யாருமில்லை, எங்களுக்கே தோன்றியது.

உள்ளே நுழைந்ததும் நேர் எதிரே அம்மா. கதவு உயரத்துக்கு, கனத்த சட்டத்துக்குள். அந்தப் படத்துக்கு முன்னால்தான் குத்துவிளக்கை வைத்திருந்தார்கள். விளக்கைச் சுற்றி மல்லிகைச் சரம், கீழே தட்டில் பூ, பக்கத்தில் ஊதுபத்தி. எதுவும் பாக்கியில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கோ வெளிச்சமே பேயாக இருந்தது.

சிறப்பு விருந்தினர் மண்ணின் மணத்தைப் பற்றி நீளமாகப் பேசினார். எங்கள் பெண்கள் பின்சுவரில் சாய்ந்து நின்று, வேறு யாரையோ பற்றிக் கேட்பதுபோல மரியாதையாகக் கேட்டார்கள். பேசி முடித்து மெழுகுவர்த்தியை வாங்கி முதல் திரியை ஏற்றினார். கைதட்டல். இரண்டாவது திரி. எப்படி ஓடினேன் என்று தெரியாது. குதிகாலை உயர்த்திக்கொண்டு இரண்டு சுடரையும் ஊதி அணைத்துவிட்டு, "எங்கம்மா சாகல! எங்கம்மா இன்னும் சாகல!" என்று கத்தினேன்.

மங்கல விளக்கை வாயால் ஊதி அணைத்தவள்! அத்தை தலையில் கைவைத்தாள். சிறப்பு விருந்தினர் மெழுகுவர்த்தியும் கையுமாக நின்றார். ஓவியர் அக்கா மட்டும் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு முதலாளியின் காதில் ஏதோ சொன்னார். அவர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பின்சுவரைப் பார்த்தார்.

"பிள்ளையோட அம்மா யாரு? முன்னால வாங்கம்மா."

பெண்கள் விலகி வழிவிட, அம்மா வெறுங்காலோடு வந்தாள். அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. முதலாளி சிறப்பு விருந்தினரின் கையிலிருந்து மெழுகுவர்த்தியை வாங்கி அம்மாவிடம் நீட்டினார்.

"நீங்க ஏத்துங்க. அப்பத்தான் பிள்ளைக்குப் பயம் தெளியும்."

"நானா?" என்றாள் அம்மா. "இம்புட்டுப் பேரு இருக்கையிலயா?"

"உங்க படம்தானம்மா."

அம்மா சுத்தமாக இருந்த கையை முந்தானையில் இரண்டு தடவை துடைத்தாள். எங்கள் ஊர்க் கோயில் விளக்கை எங்கள் தெருக்காரர்கள் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி, ஏற்றியதில்லை. அது எனக்கும் தெரியும். ஆனால் அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாத வயது. ஆளுக்கு ஒன்றிரண்டு திரி ஏற்றிவிட்டு அடுத்தவரிடம் கொடுப்பது அங்கே வழக்கம். அம்மாவுக்கு அது தெரியாது. சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை. நிதானமாகச் சுற்றிவந்து ஐந்தையும் அவளே ஏற்றினாள். மெழுகு உருகி அவள் கட்டைவிரலில் சொட்டியது. கையை உதறவில்லை. முதலில் கைதட்டியது முதலாளிதான். பிறகு எங்கள் பெண்கள் தட்டினார்கள் பாருங்கள், கீழே துணி வாங்க வந்தவர்கள் மேலே எட்டிப் பார்த்தார்களாம்.

திரும்பி வரும் பஸ்ஸில் எல்லாரும் என்னைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அத்தைகூடச் சிரித்தாள். அம்மாவின் மடியில் சாய்ந்திருந்த எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அவள் சாகப்போவதில்லை, எனக்கு அது போதும். வலதுகைக் கட்டைவிரலில் மெழுகு வெள்ளையாகக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டி எடுக்கப் போனேன். அம்மா கையை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும் விடு."

சுட்ட இடம் வலிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு, ஊர் வந்து சேரும்வரை அந்த விரலை ஊதிவிட்டுக்கொண்டே வந்தேன்.